ஒருநாள் உண்டியல் போதுமா?

முள் குத்திய வலி, முள்ளை எடுத்ததும் போய்விடும். ஆனால் மூன்று மாதங்கள் கடந்தும் போகாமல், ஆண்டுக்கணக்கில் உடலிலேயே குடியிருக்கும் வலியும் உண்டு. அதனை நாள்பட்ட வலி என்பர் மருத்துவர். முடக்குவாதம், நரம்புக் கோளாறு, தண்டுவட நோய் எனக் காரணங்கள் பல. இவ்வலியுடையோர் பார்வைக்கு நலமாகவே தோன்றுவர். ஆகவே, "இவளுக்கு என்ன வந்தது?" என்று உலகம் எளிதாகக் கேட்டுவிடுகிறது.

நம் மாவட்டத்து டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் நடத்திய ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951இல் இறக்கும்வரை, ஏறக்குறைய 20 ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையிலேயே வலியோடு வாழ்ந்தார். இத்தகைய நெடுவலிக்கு ஒருநாள் உண்டியல் எம்மட்டு?

நிதி திரட்டுவது என்றால் நாம் செய்வது என்ன? உண்டியல் ஏந்துகிறோம், கலைநிகழ்ச்சி நடத்தி நுழைவுச்சீட்டு விற்கிறோம், தொகையைக் கொடுத்துப் படமும் எடுத்துக்கொள்கிறோம். நல்ல செயலே! ஓர் அறுவைச் சிகிச்சைக்கு அது பொருந்தும். நாள்பட்ட வலிக்கோ மாதந்தோறும் மருந்து வேண்டும், ஊசி வேண்டும், இயன்முறைப் பயிற்சி வேண்டும். அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துபோகப் பஸ் கட்டணம் வேண்டும். துணைக்கு வருபவர் அன்றைய கூலியையும் இழக்கிறார். செலவு ஓயாமல் வருகிறது. உதவியோ ஒரே நாளில் பெருகி மறுநாள் வற்றிவிடுகிறது.

காட்டாற்று வெள்ளத்தை நம்பி யாரும் நாற்று நடுவதில்லை. பொதிகையில் பிறந்து வற்றாமல் வரும் தாமிரபரணியை நம்பித்தானே இங்குக் காரும் பிசானமும் விளைகின்றன? நம் ஈகையும் அவ்வாறு இருத்தல் வேண்டும்.

இது நடக்கக்கூடிய காரியமா என ஐயுறுவோர், மலைக்கு மேற்கே கேரளத்தைப் பார்க்கட்டும். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலானோர் வலி தணிப்புக்கென ஒரு சங்கம் கண்டனர். பின்னர் மலப்புறம் மாவட்டத்தில் ஊர்மக்களே குழுக்களாகக் கூடி, சிறுதொகைகளைத் தொடர்ந்து திரட்டி, நோயாளியின் வீட்டிற்கே சேவையைக் கொண்டு சென்றனர். 2008இல் கேரள அரசும் இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. சிறுதுளி பெருவெள்ளம் என்பது அங்கே மெய்யாயிற்று.

நாம் செய்யத்தக்கவை சில. முதலாவது, வசூலில் இறங்குமுன் அரசு மருத்துவக் காப்பீட்டில் அச்சிகிச்சை அடங்குமா என்று விசாரித்தல். 2021இல் தமிழகத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடி வரும் இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புச் சேவையும் சேர்க்கப்பட்டன. கிடைக்கும் உதவி எது என அறிந்தபின், எஞ்சிய செலவுக்கே பிறரை நாட வேண்டும்.

இரண்டாவது, மாதக் கொடை. 40 பேர் உள்ள ஒரு வகுப்பில் ஆளுக்கு மாதம் 10 ரூபாய் ஒதுக்கினால் மாதம் 400, ஆண்டுக்கு 4,800 ரூபாய். 20 வகுப்புகள் சேர்ந்தால் 96,000 ரூபாய்! வரவு செலவை அனைவரும் காண எழுதி வைத்தல் வேண்டும். கொடுத்தவர், கொடாதவர் பட்டியல் மட்டும் வேண்டாம். பத்து ரூபாயும் பாரமான இல்லங்கள் நம்மிடையே உண்டு. பணம் இல்லாதவளுக்குக் கைகள் உண்டு. புத்தகப் பை சுமக்கலாம், விடுபட்ட பாடத்தை எழுதிக் கொடுக்கலாம்.

மூன்றாவது, மானம் காத்தல். வலியுற்றவளை மேடையேற்றி, அவள் கண்ணீரைக் காட்டிக் காசு கேட்பது தகாது. உதவி பெறுகிறாள் என்பதற்காக அவள் தன் துயரை ஊரறியச் சொல்லக் கடமைப்பட்டவள் அல்லள்.

நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்ததோடு கணக்கை முடித்துவிடவில்லை. மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்களித்தான். முதலில் கொடுத்த காசைவிட அந்த வாக்கு பெரிது. அன்புத் தோழியரே, பெற்றோரே, இவ்வாண்டு நாம் நிதி திரட்டுவோம்; அடுத்த மாதமும் திரும்பி வருவோம்.