ட்ரெண்டிங் ஆனால் தீர்வு வருமா? முல்லைப் பெரியாறு சொல்லும் பாடம்

இடுக்கி மலையில் மழை பிடித்து, முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் 136 அடியைத் தாண்டினால் போதும். கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்கு நிம்மதி. ஆனால் மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் செல்போன்கள் சூடாகிவிடும். ‘அணை உடையப் போகிறது’ என்று ஒரு வீடியோ. ‘நம்ம தண்ணீரைப் பிடுங்கப் பார்க்கிறார்கள்’ என்று பதிலுக்கு ஒன்று. இந்தச் சத்தத்தில், முடிவெடுக்கும் இடத்துக்குப் போய்ச் சேருவது எவ்வளவு?

2021 அக்டோபரில் என்ன நடந்தது?

கேரளாவில் கனமழை. அணையின் நீர்மட்டம் ஏற ஏற, ‘முல்லைப் பெரியாறு அணையைச் செயலிழக்கச் செய்யுங்கள்’ என்ற ஹேஷ்டேக் சமூக வலைதளங்களில் ட்ரெண்டிங் ஆனது. நடிகர் பிருத்விராஜ் உள்ளிட்ட மலையாளத் திரையுலகினரும் அதே கருத்தில் பதிவு போட்டார்கள். பதிலுக்குத் தேனியில் அவருடைய உருவபொம்மை எரிக்கப்பட்டது.

அக்டோபர் 25 அன்று கேரள முதல்வர் பினராயி விஜயன் சட்டமன்றத்திலேயே விளக்கம் சொன்னார். அணைக்கு உடனடி ஆபத்து இல்லை, பீதியைப் பரப்புபவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்றார். புதிய அணை வேண்டும் என்று வழக்காடும் மாநிலத்தின் முதல்வரே இப்படிச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், பீதி எந்த அளவுக்குப் போயிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போ நீர்மட்டத்தை முடிவு செய்தது யார்?

ஹேஷ்டேக் இல்லை. உருவபொம்மையும் இல்லை. ‘ரூல் கர்வ்’ என்ற ஓர் அட்டவணை. எந்தத் தேதியில் அணையில் அதிகபட்சம் எத்தனை அடி தண்ணீர் தேக்கலாம் என்று சொல்லும் கணக்கு அது. அதன்படி நவம்பர் 10 வரை 139.5 அடி என்று கண்காணிப்புக் குழு சொன்னது. அக்டோபர் 28-ல் உச்ச நீதிமன்றம் அதையே பின்பற்றச் சொன்னது. மறுநாள் மதகுகள் திறக்கப்பட்டன. நவம்பர் 30-ல் நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது. அந்த 142 அடி, 2014 மே 7-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அனுமதித்த உயரம்.

இதில் நமக்கு என்ன இருக்கிறது?

நிறைய. 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த இந்த அணைத் தண்ணீரை நம்பி ஐந்து மாவட்டங்கள் இருக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கரில் இருபோக நெல் சாகுபடி. இன்னொரு பக்கம், கம்பம், கூடலூர், போடி பகுதியிலிருந்து தினமும் விடியற்காலையில் ஜீப் ஏறி இடுக்கியின் ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்கள். 2011 கடைசியில் இதே அணை விவகாரம் தெருவுக்கு வந்தபோது குமுளி சாலை அடைபட்டது, 144 தடை உத்தரவு வந்தது. முதலில் அடி விழுந்தது இவர்களுடைய தினக்கூலியில்தான். எங்கேயோ உட்கார்ந்து ஃபார்வர்டு செய்பவருக்கு அந்தச் செலவு இல்லை.

அணைக்குக் கீழே வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு பக்கம் வாழ்கிறவர்களின் பயமும் பொய் இல்லை. ஆற்றங்கரையில் படுத்துத் தூங்குகிறவருக்கு அணை பற்றிக் கேள்வி கேட்க எல்லா உரிமையும் உண்டு. பிரச்சினை, அந்தக் கேள்வி பதில் சொல்ல வேண்டியவர்களிடம் போகாமல் மீம்ஸாக மாறி நம்மிடம் வருவதுதான்.

சரி, ஆன்லைன் கருத்துக்கு மதிப்பே இல்லையா?

இருக்கிறது. 2015-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இணையச் சேவைகளை எப்படி முறைப்படுத்துவது என்று மக்களிடம் கருத்து கேட்டது. எல்லா இணையதளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும், அதாவது ‘நெட் நியூட்ராலிட்டி’ வேண்டும் என்று 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. கட்டண வேறுபாடு பற்றி அடுத்து ஒரு சுற்றுக் கருத்துக்கேட்பும் நடந்தது. 2016 பிப்ரவரியில், இணையதளத்தைப் பொறுத்து டேட்டா கட்டணம் மாறக் கூடாது என்று டிராய் விதி போட்டது. அந்த இரண்டாவது சுற்றில் ஃபேஸ்புக் தன் பயனாளர்கள் மூலம் லட்சக்கணக்கில் ஒரே மாதிரியான கடிதங்களை அனுப்ப வைத்தது. கேட்ட கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை என்று டிராய் குறை சொன்னது.

வெறும் எண்ணிக்கையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா உதாரணம். இதே நெட் நியூட்ராலிட்டி பற்றி 2017-ல் அங்குள்ள எஃப்.சி.சி. ஆணையம் கருத்து கேட்டபோது 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேல் கருத்துகள் வந்தன. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் விசாரித்து 2021-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, அதில் ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் போலி. சுமார் 85 லட்சம், பிராட்பேண்ட் நிறுவனங்கள் பணம் கொடுத்து நடத்திய பிரசாரத்தில் வந்தவை. எதிர்த் தரப்பில் 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவரே சாஃப்ட்வேர் வைத்து 77 லட்சம் அனுப்பியிருந்தார். நிஜமாக உட்கார்ந்து எழுதியவரின் குரல் இந்தக் குப்பைக்குள் புதைந்துபோனது. விதி ரத்தாகி மூன்றரை ஆண்டு கழித்துத்தான் இந்த அறிக்கையே வந்தது.

நம் பள்ளத்தாக்கிலேயே ஒரு பாடம்

பொட்டிபுரம் அம்பரப்பர் மலையில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது, கதிர்வீச்சு வரும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் பரவாத பயம் இல்லை. ஆனால் 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது அந்தப் பயத்துக்காக அல்ல. கேரள எல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் திட்டத்துக்கு உரிய நடைமுறை பின்பற்றப்பட்டதா என்ற சட்டக் கேள்விக்காக. 2018-ல் மத்திய அரசு மறுபடி அனுமதி தந்தபோதும், வனவிலங்கு வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று தீர்ப்பாயம் சொன்னது. ஆய்வகத்தை ஆதரிப்பவரோ எதிர்ப்பவரோ, இதைக் கவனிக்கலாம்: ஆவணத்தைப் படித்து, சரியான கேள்வியைச் சரியான இடத்தில் கேட்டவர்கள்தான் பதில் வாங்கினார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

பதிவு போடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதோடு நின்றுவிட வேண்டாம். 2022 ஏப்ரல் 8 உத்தரவில் உச்ச நீதிமன்றம் முல்லைப் பெரியாறு கண்காணிப்புக் குழுவுக்குக் கூடுதல் அதிகாரம் தந்தது. இரு மாநிலங்களிலிருந்தும் தலா ஒரு தொழில்நுட்ப வல்லுநரைச் சேர்க்கச் சொன்னது. அணைப் பாதுகாப்பு பற்றி உள்ளூர் மக்கள் தரும் மனுக்களைக் குழு பரிசீலிக்கலாம் என்றும் சொன்னது. அதாவது கூடலூர்க்காரரும் வண்டிப்பெரியாறுக்காரரும் ஒரே கதவைத் தட்டலாம். இந்தக் கதவு இருப்பதைச் சொல்லும் ஃபார்வர்டு எத்தனை குரூப்பில் வந்திருக்கிறது?

ஊருக்குள்ளேயும் ஒரு கதவு இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நம்மில் பலர், ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் இருக்கிறோம், கிராம சபையில் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. இந்த ஆறில் நான்கு நாள் தேசிய விடுமுறையும் மே தினமும்தான். ஊருக்குப் போகிற அன்று ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். வாய்க்கால் தூர்வாருவது முதல் அணை வரை, பேசுவது தீர்மானமாக எழுத்தில் ஏறும். நாளைக்கு நீதிமன்றத்தில் காட்ட ஒரு காகிதம் இருக்கும்.

அடுத்த மழைக்கு அந்தப் பழைய வீடியோ மறுபடி வரும். வந்தால், அன்றைய நீர்மட்டம் எவ்வளவு, ரூல் கர்வ் எவ்வளவு என்று மட்டும் குரூப்பில் கேளுங்கள். இரண்டு எண்ணும் தெரியாதவர் அனுப்பிய வீடியோவை அடுத்தவருக்குத் தள்ள வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.