உண்டவரே இலையெடுக்க!

ஒருவர் வயிறார உண்டெழுந்து போக, அவர் எச்சிலிலையை இன்னொருவர் குனிந்தெடுக்க வேண்டும் என்பது இந்நாட்டில் நெடுங்காலம் நிலவிய இழிவு. அவ்விழிவைக் கண்டு கொதித்தெழுந்த மண் தமிழ்மண். நிலத்தில் அதனை எதிர்த்த மக்கள், அதே இழிவு கடலில் உருவாகி வருவதை இன்னும் முழுதாக உணர்ந்தாரில்லை. கடலடியினின்று எரிவளியை உறிஞ்சியெடுக்க நிறுத்தப்பெற்ற இரும்பு மேடைகள், வளி வற்றிய பின்னர் எச்சிலிலைகளாகவே நிற்கின்றன. அவற்றை எடுப்பவர் யார்? எடுக்குஞ் செலவு யாருடையது? உலகக் கடற்கரைகளில் எல்லாம் இன்று எழுந்துள்ள வினா இது.

எரிவளி வயல் வற்றாத ஊற்றன்று. பாறைப் புழைகளுள் அடைபட்டுக் கிடக்கும் வளி தன் அழுத்தத்தாலேயே மேலெழுகிறது. எடுக்க எடுக்க அழுத்தங் குறையும், நீர் புகும், ஈற்றில் எடுக்குஞ் செலவு விற்கும் விலையை விஞ்சும். அன்றே மேடை மூடப்பெறும். ஆயினும், கடலடியில் காலூன்றிய இரும்புச் சட்டகமும், அதன்மேற் பொறிகள் நிறைந்த தளமும், அடியாழத்துக் கிணறுகளும், கரைவரை ஓடுங் குழாய்களும் அப்படியே இருக்கும். உப்புநீர் இரும்பை நாள்தோறும் தின்று கொண்டிருக்கும்.

அதனைக் களைவது எளிய வேலையன்று. முதற்கண் ஒவ்வொரு கிணற்றையும் சீமைக்காரை கொண்டு பல நிலைகளில் அடைத்து, கசிவின்மையை ஆய்ந்தறிதல் வேண்டும். குழாய்களிலும் கலன்களிலும் தங்கிய எண்ணெயையும், இதளையும், இயற்கைக் கதிரியக்கமுள்ள படிவுகளையும் கழுவி அகற்றுதல் வேண்டும். பின்னரே மேற்றளத்தைத் தூக்கலாம். கால்களை வயிரமணி கோத்த கம்பியாலோ, மணலொடு பீறிடும் நீராலோ அறுக்கலாம். 2017-இல் வடகடலில் பிரெண்ட்டு வயலின் ஒரு மேடையினின்று 24,000 தொன் எடையுள்ள மேற்றளம் ஒரே தூக்கில் பெயர்க்கப்பெற்று இங்கிலாந்தின் கரைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. செய்ய வேண்டும் என்னும் கட்டாயம் இருந்தால், செய்யும் வழி பிறக்கும் என்பதற்கு அதுவே சான்று.

அக் கட்டாயம் எங்ஙனம் பிறந்தது? 1958-இல் செனீவாவில் இயற்றப்பெற்ற கண்டத்திட்டு ஒப்பந்தம், பயன் முடிந்த கட்டமைப்புகளை முற்றாக அகற்ற வேண்டும் என்றது. 1982-ஆம் ஆண்டின் கடற்சட்ட ஒப்பந்தம் அதனைத் தளர்த்தியது. 1989-இல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு, 75 மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் நிற்கும், 4,000 தொன்னுக்குக் குறைந்த எடையுள்ள கட்டமைப்புகளை முழுதும் அகற்றுக என நெறி வகுத்தது. 1998-க்குப் பின் நிறுவப்பெறுவனவற்றிற்கு அவ்வாழ வரம்பு 100 மீட்டர் ஆயிற்று. ஏட்டில் எழுதிய இந்நெறிகளுக்கு உயிரூட்டியவர்கள் மக்களே.

1995-இல் பிரெண்ட்டு சுபார் என்னும் பழைய எண்ணெய்த் தேக்க மிதவையை அத்திலாந்திக்கு ஆழ்கடலில் அமிழ்த்திவிடப் பிரித்தானிய அரசு இசைவளித்தது. கிரீன்பீசு இயக்கத்தார் மிதவையின்மேல் ஏறி நின்றனர். செருமானிய மக்கள் அதன் உடைமைக் குழுமத்தின் எரிநெய்க் கடைகளைப் புறக்கணித்தனர். ஆனித் திங்களில் அக் குழுமம் பணிந்தது. மிதவையில் எஞ்சிய எண்ணெயின் அளவைத் தாம் மிகைப்படக் கணித்துவிட்டதைக் கிரீன்பீசு இயக்கத்தார் பின்னர்த் தாமே ஒப்புக்கொண்டனர். மக்களுக்காகப் போராடுவோர் கணக்கிலும் பிழையிலராதல் வேண்டும் என்பது அதனாற் பெறும் படிப்பினை. ஆயினும் போராட்டம் வீணாகவில்லை. மிதவையின் உடல் அறுக்கப்பெற்று நார்வேயில் ஒரு கப்பற்றுறைக்கு அடித்தளமாயிற்று. 1998-இல் வடகிழக்கு அத்திலாந்திக்கு நாடுகள், பயனற்ற மேடைகளைக் கடலிற் போடுவதையும் விட்டுச் செல்வதையும் பொதுவிதியாகத் தடை செய்தன.

அவ்விதியிலும் விலக்குண்டு. பிரித்தானியாவுக்கும் நார்வேக்கும் இடைப்பட்ட பிரிக்கு எரிவளி வயல் 1977 முதல் 2004 வரை வளி தந்தது. அதன் மேற்றளங்களும் இரும்புச் சட்டகங்களும் களையப்பெற்றன. மூன்று கற்காரை அடித்தளங்களோ பெயர்ப்பது பேரிடர் எனக் கருதப்பெற்றுக் கடலிலேயே விடப்பட்டன. முழுதும் எடுக்க முடியாததைக் கட்டியவர்கள், கட்டும்பொழுது எடுக்கும் வழியை எண்ணாதவர்கள். தொடங்கும் நாளிலேயே முடிவை எண்ணாத தொழில் எதுவாயினும் அதன் சுமை அடுத்த தலைமுறையின் தோளிலேயே விழும்.

'இரும்புக் கால்களில் பாசியும் சிப்பியும் பற்றி மீன் பெருகும். விட்டுவிடுவதே நன்று' என்பாரும் உளர். அமெரிக்காவின் இலூசியானா மாநிலம் 1986 முதல் பழைய மேடைகளைத் திட்டமிட்டுச் செயற்கைப் பாராக ஆக்கி வருகிறது. இக்கருத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் கழுவித் துப்புரவாக்கி, இடந்தேர்ந்து, பொறுப்பேற்றுச் செய்வது ஒன்று. செலவுக்கு அஞ்சிக் கைவிட்டு அதற்கு 'மீன்வீடு' எனப் பெயர் சூட்டுவது வேறொன்று. முன்னதை மீனவரே முடிவுசெய்யட்டும். பின்னது ஏய்ப்பு.

ஏய்ப்புக்கு இன்னொரு வழியும் உண்டு. வயல் கொழிக்கும் காலமெல்லாம் ஊதியம் ஈட்டிய பெருங்குழுமம், வற்றும் நிலையில் அதனைச் சிறு குழுமத்திற்கு விற்றுவிட்டு நகர்ந்துவிடும். ஆத்திரேலியாவின் வடகடலில் நார்தர்ன் எண்டெவர் என்னும் எண்ணெய்க் கலம் அங்ஙனமே கைமாறியது. வாங்கிய சிறு குழுமம் நொடித்துப் போகவே, களையும் பொறுப்பு அரசின் தலையில் விழுந்தது. அரசு விழித்துக்கொண்டு, முன்னை உடைமையாளரையும் பொறுப்பாக்கும் சட்டத்தை 2021-இல் இயற்றியது. 2022-இல் கடல் எண்ணெய்த் தொழிலார் அனைவர்மீதும் தீர்வை விதித்தது.

இந்தியாவில் இதற்கென 1999-இல் இட மீட்பு வைப்புத் திட்டம் வகுக்கப்பெற்றது. ஈட்டுங் காலத்திலேயே ஒரு பகுதியைக் களைவுக்கென ஒதுக்குவது அதன் நோக்கம். மும்பைக்கு வடக்கே, தபதி எரிவளி வயலின் ஐந்து கிணற்று மேடைகள் பெயர்த்துக் கரைக்குக் கொண்டுவரப்பெற்றமை இந்நாட்டின் முதற் கடற்களைவுப் பணி. மேலைக் கடலில் தொடங்கிய அப்பணி கீழைக் கடலுக்கும் ஒருநாள் வந்தே தீரும். காவிரிப் படுகைக் கடலில் பி.ஒய்.1 என்னும் வயலில் மேடை நாட்டி, குழாய்வழித் திருக்கடையூர்ப் பக்கம் எரிவளி கொணரப்பெற்றது. 2024-இல் ஏலத்திற்கு வந்த பகுதிகளில் குமரிக்குத் தென்கடலும் சென்னைக் கடலும் அடங்கும்.

இக்கடலில் தமிழர்க்குள்ள உரிமை யாது? கரையினின்று 12 கடல்மைல் வரை மீன்பிடித் தொழில் மாநில அரசின் பொறுப்பு. அதே நீருக்கடியிலுள்ள கனிவளமோ, அரசமைப்புச் சட்டத்தின் 297-ஆம் பிரிவின்படி நடுவணரசுக்கே உடைமை. காவிரிப் படுகை நிலத்தைக் காக்கத் தமிழக அரசு 2020-இல் இயற்றிய வேளாண் மண்டலச் சட்டம் கரையோடு நின்றுவிடுகிறது. வலை தமிழனுடையது, வலை கிழிக்கும் இரும்போ பிறருடையது! மேடையைச் சுற்றி 500 மீட்டர் வரை காப்பெல்லை வகுக்கப் பன்னாட்டுச் சட்டம் இடந்தருகிறது. அவ்வெல்லைக்குள் வலைவீச முடியாமற் போகும் மீனவனுக்கு, அம் மேடை என்று எடுக்கப்பெறும் எனக் கேட்கும் உரிமையுமில்லையா?

கேட்பதற்கு முதலில் அறிய வேண்டும். அறிவதற்குத் தாய்மொழியில் இருக்க வேண்டும். 2020-இல் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரைவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டுவிட்டு மக்கள் கருத்தை நடுவணரசு கேட்டது. எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் அதனைத் தருக எனத் தில்லி உயர் வழக்குமன்றம் ஆணையிட்டபொழுது, இணங்காமல் உச்ச வழக்குமன்றத்தை நாடியது. தனக்குத் தெரியாத மொழியில் கருத்துக் கேட்கப்படுபவன் ஊமையாக்கப்படுகிறான். மொழியுரிமை பள்ளிக்கூடத்தோடு முடிவதன்று. அது மீனவனின் வலையிலும் உழவனின் வயலிலும் வந்து நிற்பது.

ஆகலின் தமிழர் வேண்டத்தக்கன இவை: தமிழ்க்கடலில் மேடை நாட்ட இசைவு தருமுன்னரே, அதனைக் களையும் திட்டமும் காலமும் செலவும் எழுத்தில் உறுதிசெய்யப்பெறல் வேண்டும். அத்திட்டம் தமிழில் வெளியிடப்பெற்றுக் கடலோர ஊர் மன்றங்களில் படித்துக்காட்டப்பெறல் வேண்டும். களைவுக்கான வைப்புத்தொகை ஆண்டுதோறும் கணக்குக் காட்டப்பெறல் வேண்டும். வயல் எத்தனை கை மாறினும் முதலில் உண்டவரின் பொறுப்பு நீங்கலாகாது. மாநில அரசின் ஒப்புதலும் மீனவர் ஒப்புதலுமின்றித் தமிழ்க்கடலில் எதுவும் நடப்படலாகாது, விடப்படலுமாகாது.

கடல் நெய்தல் மக்களின் விளைநிலம். அதில் விருந்துண்ண வருவோர், உண்ணுமுன் இலையெடுக்கும் உறுதியைத் தந்துவிட்டு அமரட்டும். எச்சிலிலை எடுக்கத் தமிழினம் இனியும் குனியாது!