கண் கெட்ட பிறகா கண்ணாடி?

மறுநடவுக் காட்டில் புல் வெட்டுவோரும் உரம் போடுவோரும் கண் எரிகிறது, பார்வை மங்குகிறது என்று முறையிட்டால், "வயதாகிவிட்டது" என்று நிர்வாகம் கைகழுவுகிறது. வயது மட்டுந்தானா காரணம்?

வெயிலோடு புற ஊதாக் கதிர் என்றொன்று இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது, மெல்லிய மேகத்தையும் ஊடுருவும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் நாட்டில் நடுப்பகலில் அது மிகக் கடுமை. அதில் ஒரு பகுதியைக் கருவிழியின் மேற்படலம் தாங்கித் தானே புண்படுகிறது. படலத்துக்கும் வில்லைக்கும் இடையேயுள்ள நீரில் இரத்தத்தைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உண்டு. அதுவும் கொஞ்சம் கதிரை உறிஞ்சிக் காவல் செய்கிறது, சம்பளம் கேளாத காவற்காரனாக! அதையும் மீறிப் போவது ஆண்டுக்கணக்கில் வில்லையின் புரதத்தைக் கெடுக்க, கண்புரை விழுகிறது. மூக்கோரத்திலிருந்து கருவிழிமேல் சதை படர்வதும் வெயிலில் உழைப்போருக்கே அதிகம்.

இது நம் கற்பனையன்று. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் மீன்பிடித் தொழிலாளர் 838 பேரைச் சோதித்து 1988-இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்நாளில் கண்ணில் பட்ட கதிர் இரட்டித்தால் ஒருவகைக் கண்புரையின் வாய்ப்பு 1.6 மடங்காகிறது என்று கண்டார்கள்.

பால்மர நிழலில் வெட்டுகிறவனுக்கு என்ன குறை என்பார்கள். நிழலில் கதிர் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் காலையில் வெட்டு, பிறகு வெளிக்காடு என்று உழைப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? புரை தொடங்கிய கண்ணோடு விடியல் மங்கலில் பட்டையில் கத்தி வைத்தால், ஆழம் ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் மரத்தில் காயம். மரக் காயத்தை எண்ணுகிறார்கள், கண்டிக்கிறார்கள். அதைப் பேரேட்டில் எழுதுபவர்கள் கிராணிமாராகிய நாம்தான். கண்ணின் காயத்துக்கு எந்தப் பேரேட்டில் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள்?

நாம் கேட்பது தங்கமா, வைரமா? கண்ணில் விழும் கதிரைப் பாதியளவு வரை குறைக்கக்கூடிய அகன்ற விளிம்புத் தொப்பி. புற ஊதாவைத் தடுக்கும், பக்கமும் மூடிய கண்ணாடி. வெறும் கறுப்புச் சாயம் பூசிய சந்தைக் கண்ணாடி வேண்டாம். அதன் இருட்டில் பாவை விரிந்து கதிர் கூடுதலாகப் புகும்.

இதற்கும் சம்பளத்தில் பிடிக்கிற தோட்டம் உண்டு! 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, அச்சட்டப்படி கொடுக்கும் எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்கிறது. பிடித்தம் கண்டவர்கள் சம்பளச் சீட்டைக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். அடுத்த பேச்சுவார்த்தையில் நிர்வாகத்தின் மேசைமேல் அவற்றை வைப்போம்.