ஏரிக்கரையிலிருந்து கோர்ட் வாசல் வரை

பழவேற்காடு ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்பதற்குத் தலைமுறை தலைமுறையாக ஒரு முறை இருக்கிறது. அதற்குப் பெயர் ‘பாடு’. குலுக்கல் போட்டு முறை வைப்பார்கள். தகராறு என்றால் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிப்பார்கள். வக்கீலும் இல்லை, வாய்தாவும் இல்லை.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் உட்கார இடமில்லாதவர்கள் எங்கே போவார்கள்? மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தில் உட்காருவது வழக்கமாக ஆண்கள்தான். புருஷன் கைவிட்டுப் போய், ஜீவனாம்சம் கேட்க நினைக்கும் பெண்ணின் வழக்கையும் அவர்கள்தான் பேச வேண்டும். தண்ணீரில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கோ பாடு முறையில் பங்கே கிடையாது.

கோர்ட் இருப்பது சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, பொன்னேரியில். ஒரு நாள் போய்வந்தால் அன்றைய வியாபாரம் போச்சு. அதைவிடப் பெரிய தடை, ‘வக்கீலுக்கு யார் பணம் கொடுப்பது?’ என்ற பயம்.

அந்தப் பயத்துக்கு 1987-ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் பதில் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் வக்கீல் இலவசம். கோர்ட் கட்டணமும் அவர்கள் கட்ட வேண்டியதில்லை. அதாவது மீன் விற்கும் அம்மாவும், இறால் தடவும் இருளர் பெண்ணும் வருமானச் சான்றிதழுக்கு அலையவே வேண்டாம். வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களும் இதே பட்டியலில் வருகிறார்கள். புயலையும் சுனாமியையும் பார்த்த கரைக்கு இது சின்ன விஷயமல்ல.

சமரசத்துக்கு இரண்டு தரப்பும் தயார் என்றால், மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. அங்கே முடிவானது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. கோர்ட்டில் ஏற்கெனவே கட்டிய கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஊர்ப் பஞ்சாயத்தைப் போலவே பேசித் தீர்ப்பதுதான். ஆனால் இங்கே பெண்ணும் சரிசமமாக எதிரே உட்காருகிறாள்.

இந்த ஏரியின் குறை ஒருமுறை டெல்லி வரை போயிருக்கிறது. நாகப்பட்டினம் பகுதியில் இறால் பண்ணைகளை எதிர்த்துப் போராடிய சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன், 1994-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 11-ஆம் தேதி வந்த தீர்ப்பு, சிலிகா, பழவேற்காடு ஏரிகளைச் சுற்றி 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை அமைக்கக் கூடாது என்றது. இறால் பண்ணைகளுக்கான விதிகளை 2005-இல் வந்த சட்டம் மாற்றி எழுதியது வேறு கதை. எடுத்துச் செல்ல ஒருவர் இருந்தால் ஏரிக்கரையின் குரல் கோர்ட்டில் கேட்கும் என்பது மட்டும் அன்றே தெரிந்துவிட்டது.

ஆனால் எல்லாக் குப்பத்துக்கும் ஒரு ஜெகந்நாதன் கிடைக்கமாட்டார். சட்ட உதவி முகாம்கள் தாலுகா ஆபீஸோடு நின்றுவிடாமல் மீன் ஏலம் நடக்கும் கரைக்கு வர வேண்டும். அதுவும் ஏலம் முடிந்து பெண்கள் கை கழுவும் நேரத்தில் வர வேண்டும்.

அதுவரை, இலவச சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100. அடுத்த முறை மீன்காரம்மாவிடம் பேரம் பேசும்போது, இந்த ஐந்து இலக்கத்தையும் சொல்லிவிட்டு வரலாம். அதற்குக் காசு கிடையாது!