கை பழகாத பிள்ளைகள்

கார்வேட்டிநகரத்தில் பாட்டன் பாட்டியிடம் பிள்ளையை விட்டு வந்து வெளியூரில் உழைக்கும் நம் அன்பர்கள் சிலர், விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பியதும் ஒரு கவலையைச் சொல்லுகின்றனர். பிள்ளைக்கு எட்டு வயது. பாடத்தை வாயால் கேட்டால் தயங்காமல் ஒப்புவிக்கிறது. எழுதச் சொன்னால் பக்கம் முழுதும் கோணல். சட்டைப் பொத்தான் மாட்ட வரவில்லை, சோறு சிந்துகிறது, பந்து கையில் நிற்பதில்லை. வீட்டார் சோம்பல் என்கின்றனர். 1960-இல் எல்லை மாறித் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது கார்வேட்டிநகரம் ஆந்திரத்திலேயே நின்றதன்றோ? ஆகவே பள்ளியிலே, தமிழ் வீட்டுப் பிள்ளைக்குத் தெலுங்கு எழுத்து வரவில்லை என்று முடிவு கட்டி விடுகின்றனர்.

தெலுங்கெழுத்துச் சோற்றைச் சிந்த வைக்குமா? இஃது அசைவுகளை ஒருங்கிணைப்பதில் உண்டாகும் வளர்ச்சிக் குறை. பள்ளிச் சிறாரில் நூற்றுக்கு ஐந்தாறு பேரிடம் காணப்படுவது. அறிவுக் குறைவின் அடையாளம் அன்று. புத்தூர்க் கட்டுக்குப் பேர்போன வட்டாரமாதலின் அங்கே அழைத்துச் செல்லத் தோன்றலாம். எலும்பில் பழுதில்லாத கைக்குக் கட்டு எதற்கு?

பிறந்தது முதல் 18 வயது வரையுள்ளோரைப் பரிசோதிக்கும் மத்திய அரசின் திட்டம் 2013-இல் தொடங்கிற்று. அதன் மருத்துவக் குழு பள்ளிக்கே வருகிறது. ஆயினும், நடந்தும் ஓடியும் பேசியும் திரியும் பிள்ளையை ஒரு நாள் பார்வையில் யார் கண்டுகொள்வர்? 2016-ஆம் ஆண்டுச் சட்டம் கூறும் 21 குறைபாடுகளில் இது தனி வகையாக இல்லை. கண்டறிந்த பிறகோ, வாரந்தோறும் திருப்பதிக்கோ சித்தூருக்கோ போய்வர வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு எத்தனை வாரம் போவார்கள்?

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் இதை மாற்றிப் பார்த்தனர். 2013 முதல் 2015 வரை 40 பள்ளிகளில், செயல்முறைச் சிகிச்சையாளரே வகுப்பறைக்குச் சென்றார். பிள்ளையைத் தனியே பிரிக்காமல், ஆசிரியருடன் இருந்து, உட்காரும் விதத்தையும் எழுத்து வேலையையும் திருத்தினார். நம் பக்கத்தில் மண்டலந்தோறும் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கெனப் ‘பவித’ மையங்களைக் கல்வித் துறை வைத்திருக்கிறது. அங்கே வரும் சிகிச்சையாளர் மாதம் ஒரு நாளேனும் பள்ளிகளுக்குச் செல்லவேண்டுமென நம் சங்கம் கேட்கலாம். கேட்க வேண்டும் என்பதே நமது எண்ணம்.

மற்றொன்றும் கேட்க வேண்டும். இச்சிகிச்சையில் எண்ணெய் தேய்ப்பதற்கு வேலையில்லை. எந்தக் காரியம் வரவில்லையோ அதையே பயில வேண்டும். என்ன செய்யப் போகிறேன், எப்படிச் செய்வேன், செய்தது சரிதானா என்று பிள்ளையே வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். பாட்டிக்குப் புரியாத மொழியில் சொல்லிக் கொடுத்தால் அது பள்ளி வாயிலோடு நின்றுவிடும். ஆதலால் குறிப்புகள் தமிழிலும் வேண்டும். மொழிபெயர்த்துத் தர நம்மில் ஆளில்லாமற் போகவில்லை.

ஊரில் உள்ள பெரியவர்களிடம் இன்றே சொல்லக் கூடியது ஒன்றுண்டு. பிள்ளையைக் கால்மணி முன்னதாக எழுப்பட்டும். மேற்பொத்தான்களைத் தாம் மாட்டிவிட்டுக் கடைசிப் பொத்தானை மட்டும் அதனிடம் விடட்டும். அது கைவந்ததும் கடைசி இரண்டை விடலாம்.