பதிவும் பதிவிடமும்

முடுக்கமானியின் உறைக்குள் இருப்பது வில்லோடு பிணைத்த ஒரு சிறு நிறை. நிலம் அசையும்போது உறை நிலத்தோடு நகர்கிறது. நிறை நிலைமத்தால் பின்தங்குகிறது. கருவியின் இயல்பு அதிர்வெண்ணைவிட மெதுவான அசைவுகளில் இந்த விலகல் நிலத்தின் முடுக்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பழைய கருவிகளில் ஓர் ஒளிக்கற்றை அந்த விலகலைப் பிலிமில் வரைந்தது. இன்றைய விசைச் சமநிலைக் கருவிகளில், நிறை விலகத் தொடங்கியதுமே மின்காந்த விசை அதை அதன் இடத்தில் நிறுத்துகிறது. அதற்குச் செலவாகும் மின்னோட்டமே அளவீடாகிறது.

தொலைதூர நடுக்கங்களைக் கேட்கும் நுண்ணிய நில அதிர்வுமானி, அருகில் பெரிய நிலநடுக்கம் நேர்ந்தால் தன் எல்லையைத் தாண்டிப் பயனற்றுப்போகும். முடுக்கமானி அங்கேதான் தேவைப்படுகிறது. அமெரிக்காவில் 1932இல் இவை நிறுவப்பட்டன. மறு ஆண்டே லாங் பீச் நிலநடுக்கத்தைப் பதிவு செய்தன. 1940இல் எல் சென்ட்ரோவில் கிடைத்த, உச்சம் சுமார் 0.35 ஜி கொண்ட பதிவு, கட்டட வடிவமைப்பு ஆய்வுகளில் இன்றும் பயன்படுகிறது. ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்.

கருவியின் இயல்பிலேயே ஒரு வரம்பு உண்டு. கிடைமுடுக்கத்தையும் சாய்வையும் அதனால் பிரித்தறிய முடியாது. அடித்தளம் 1 பாகை சாய்ந்தால் கிடைக்கூறில் சுமார் 0.017 ஜி தோன்றும். முடுக்கத்தைத் தொகையிட்டுத் திசைவேகமும், மீண்டும் தொகையிட்டு இடப்பெயர்ச்சியும் பெறும்போது சிறு பிழையும் பெருகுகிறது. ஒரு ஜியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள மாறாப் பிழை, 1 நிமிடத்தில் ஏறத்தாழ 1.8 மீட்டர் பொய்யான இடப்பெயர்ச்சியைக் காட்டிவிடும். வடிகட்டினால் பிழை குறையும். ஆனால் நிலம் நிரந்தரமாக நகர்ந்த அளவும் அதோடு அழியும். ஜிபிஎஸ் அளவீட்டை உடன் வைத்துப் பார்ப்பது இதனால்தான்.

கருவியைப் போலவே அது நிற்கும் இடமும் பதிவைத் தீர்மானிக்கிறது. 1985 செப்டம்பர் 19 நிலநடுக்கத்தின்போது மெக்சிகோ நகரில் பாறைமேல் நின்ற கருவி சுமார் 0.03 ஜி காட்டியது. அதே நகரில் பழைய ஏரிக் களிமண்மேல் நின்ற கருவி காட்டியது சுமார் 0.17 ஜி. உச்சம் மட்டும் பார்த்தால் இது எல் சென்ட்ரோவில் பாதிதான். ஆனால் அலை சுமார் 2 விநாடிக் காலத்தில் திரும்பத் திரும்ப வந்ததால், அதனோடு ஒத்ததிர்ந்த நடுத்தர உயரக் கட்டடங்கள் இடிந்தன. உச்ச முடுக்கம் என்ற ஒற்றை எண் சேதத்தைச் சொல்லிவிடாது. அதிர்வெண்ணும் கால அளவும் உடன் வேண்டும்.

இந்தியாவில் அதிகம் எடுத்தாளப்படும் பதிவுகளில் இரண்டு கட்டுமானத்துக்குள் இருந்தே கிடைத்தவை. 1967 டிசம்பர் 11 கோய்னா நிலநடுக்கத்தின் 0.63 ஜி, அங்குள்ள அணையின் உட்கூடத்தில் பதிவானது. 2001 ஜனவரி 26 புஜ் நிலநடுக்கத்தின் சுமார் 0.11 ஜி, மையத்திலிருந்து 200 கி.மீ.க்கும் அப்பால் அகமதாபாத்தில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் பதிவானது. இரண்டிலும் கட்டுமானத்தின் அதிர்வு கலந்திருக்க வாய்ப்புண்டு. திறந்த நிலத்தின் அசைவாக அவற்றை அப்படியே கொள்ள முடியாது. 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பின் ஜப்பான் சுமார் 1,000 கருவிகளைத் திறந்த நிலத்தில் நிறுவி, ஒவ்வோர் இடத்தின் மண் விவரத்தையும் பதிவோடு சேர்த்தே வெளியிடத் தொடங்கியது.

அந்த நடைமுறை எங்கும் பரவ வேண்டும். பதிவை வெளியிடுவோர் திருத்தாத மூலத்தையும், கருவி பொருத்தப்பட்ட விதத்தையும், அடிமண்ணின் தன்மையையும், வடிகட்டிய எல்லைகளையும் உடன் தர வேண்டும். இவை இல்லாத முடுக்கப் பதிவை வடிவமைப்புக்கு அடிப்படையாகக் கொள்ளக் கூடாது.