இரத்தம் சொல்லும் செய்தி



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில் கருக்களாச்சேரியிலிருந்து ஓர் இளைஞன் ஓடி வந்தான். "சாமி, அப்பாவுக்கு வாதம் அடிச்சிடுச்சு, வந்து எண்ணெய் பூசுங்க" என்றான். சென்று பார்த்தேன். வாய் கோணி, வலக்கை துவண்டு கிடந்தார். முந்தின இரவே கை மரத்திருக்கிறது. தூங்கினால் சரியாகுமென்று தைலம் தேய்த்துப் படுக்க வைத்திருக்கின்றனர். நானும் நோயில் பூசுதலை முடித்த பின்னரே மருத்துவமனைக்கு அனுப்பினேன். அங்கே மருத்துவர் கேட்ட முதற்கேள்வி, "எத்தனை மணிக்குத் தொடங்கியது?" என்பதே. எவராலும் திட்டமாய்ச் சொல்ல இயலவில்லை. அவர் பிழைத்தார், வலை பின்னிய கை மட்டும் மீளவில்லை. அந்தத் தாமதத்தில் எனக்கும் பங்குண்டு.

பக்கவாதம் இருவகைப்படும். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயைக் கட்டி அடைப்பது ஒன்று. குழாய் வெடித்து இரத்தம் கசிவது மற்றொன்று. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் முன்னதில் கட்டியைக் கரைத்துக் காக்கும் ஊசி, பின்னதில் உயிருக்கே உலை வைக்கும். ஆகவே, சி.டி. ஸ்கேன் எடுத்து வகையறிந்த பின்னரே அதனைப் போடுவர். அதுவும் பொதுவாக 4½ மணி நேரத்துக்குள். பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிவதாக 2006-இல் கணக்கிட்டனர்.

மாரடைப்பை அறிய இரத்தத்தில் ட்ரோபோனின் என்னும் புரதத்தை அளக்கிறார்கள் அல்லவா? பக்கவாதத்துக்கும் அத்தகைய அடையாளத்தை அறிஞர் தேடி வருகின்றனர். மூளையில் நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் அணுக்களில் ஜி.எஃப்.ஏ.பி. என்றொரு புரதம் உண்டு. இரத்தக்கசிவு அவ்வணுக்களை விரைந்து சிதைப்பதால், முதற்சில மணிகளிலேயே அது இரத்தத்தில் உயர்கிறது. அடைப்பிலோ மெதுவாகவே உயர்கிறது. புதுதில்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் 2020-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, இருவகையையும் பிரித்தறிய இப்புரதம் உதவக்கூடும் என்று கண்டனர். ஆயினும் சிறிய கசிவுகளை அது தவறவிடலாம். ஸ்கேனுக்கு ஈடாக அது இன்னும் வரவில்லை.

நோயாளி எவ்வளவு தேறுவார் என்பதையும் இரத்தம் ஓரளவு உணர்த்துகிறது. கோபெப்டின் என்னும் பொருள் மிகுந்திருந்தோர் மூன்று மாதங்களுக்குப் பின்னும் குறைவாகவே தேறியதாகச் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்டனர். ஆனால் அது பலரைப் பற்றிய கணக்கு. உங்கள் தந்தையைப் பற்றிய தீர்ப்பன்று. எண்ணைக் கேட்டு மனந்தளர்ந்து, உடற்பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள்.

இன்றே பயன்படும் எளிய இரத்தச் சோதனை ஒன்றுண்டு: சர்க்கரை. அது மிகத் தாழ்ந்தாலும் கைகால் தளர்ந்து பக்கவாதம்போல் தோன்றும். அதனாலேயே முதலில் விரலில் குத்திப் பார்க்கின்றனர்.

எத்தனை சோதனை வந்தாலும், வீட்டில் இழந்த மணிகளை அவை திருப்பித் தரமாட்டா. முகம் கோணினாலோ, கை துவண்டாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே கடிகாரத்தைப் பாருங்கள். கடைசியாக நன்றாயிருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாயில் எதுவும் புகட்டாதீர்கள். ஆஸ்பிரின் மாத்திரையும் வேண்டாம், கசிவாயிருந்தால் கேடாகும். 108-ஐ அழைத்து, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அதன் பின் எனக்குச் சொல்லியனுப்புங்கள். எண்ணெய்ச் சிமிழோடு மருத்துவமனைக் கட்டிலருகே நானே வருகிறேன்.